விட்டிருக்க வேண்டிய பந்து

பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

கொழும்பில் ஓர் உள்ளரங்கம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தேசியக் கூடைப்பந்துப் போட்டி, ஆண்கள் பிரிவு, இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால் நிற்கிறோம். கடிகாரத்தில் ஒன்பது செக்கன் பாக்கி. நாங்கள் காக்க வேண்டிய கூடைக்குப் பக்கத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தனக்கு வந்த பாஸைப் பிடிக்கத் தெரியாமல் தட்டிவிட்டான். அவன் விரலில் பட்ட பந்து எல்லைக்கோட்டுப் பக்கம் துள்ளிப் போனது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எவன் கையில் கடைசியாகப் பட்டுப் பந்து கோட்டைத் தாண்டுகிறதோ, அவனுடைய அணிக்கு அது கிடையாது, மற்ற அணிக்குப் போய்விடும். அப்படியானால் நான் செய்ய வேண்டியது என்ன? ஒன்றுமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் பந்து எங்களுக்கு வந்திருக்கும். மிச்ச நேரத்தை எப்படியாவது ஓட்டியிருந்தால் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியக் கிண்ணம் கிடைத்திருக்கும்.

நான் பாய்ந்தேன்.

இந்தத் தொடரை வாசிக்கிற ஒருவர் போன கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தோட்டத்தப் பத்தி எழுதுறீங்க, பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதுறீங்க. கெம்பஸ்ல பாஸ்கெட்போல் ஆடுனீங்களாமே, அத மட்டும் ஏங்க எழுத மாட்டேங்குறீங்க?" என்று கேட்டார். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சுத்தப் பொய். எழுதினால் வயிறு எரியும், அதனால் எழுதவில்லை. இந்த வாரம் எரிந்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒரு பந்து

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். தோட்டத்தில் சமதரை என்று சொல்லத்தக்கது பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். அதுவும் சமதரை என்று தோட்டத்து ஆட்கள் மட்டுந்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும். சரிவு முடிகிற இடத்தில் தேயிலை மலை தொடங்கி, நேராக ஆற்றுக்கு இறங்கும்.

ஏதோ ஒரு தேர்தல் காலத்தில் ஓர் அரசியல்வாதி எங்கள் இளைஞர் கழகத்துக்குப் பந்து கொடுத்தார். உதைபந்து என்று நினைத்துக் கொடுத்தாரோ என்னவோ, வந்தது கூடைப்பந்து. உதைத்துப் பார்த்தோம், கால் வலித்தது. பிறகுதான் பீப்பாய் வளையம் ஒன்றைக் கழற்றி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் தூணில் அடித்தோம்.

அங்கே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கல்லில் பட்டால் எங்கே போகும் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆகவே நாங்கள் பந்தைத் தரைக்கே விடாமல் ஆடினோம். பிடி, கொடு, எறி. அவ்வளவுதான் எங்கள் ஆட்டம்.

சட்டம் ஒன்றே ஒன்று. எவன் பக்கமாகப் பந்து மலைக்குள் போகிறதோ, அவன் இறங்கி எடுத்து வர வேண்டும். யார் கையில் பட்டது, யார் தட்டிவிட்டது என்ற வழக்கெல்லாம் கிடையாது. இறங்கினால் தேயிலைச் செடியின் வாது குத்திக் காலைக் கிழிக்கும். கொழுந்தை மிதித்துவிட்டாய் என்று கங்காணி ஏசுவார். மூன்று மணிக்குப் பிறகு மூட்டம் இறங்கிவிட்டால் பந்தும் தெரியாது, தேடுகிறவனும் தெரியமாட்டான். அன்றைக்கு ஆட்டம் அத்துடன் சரி.

ஒரு முறை பத்துப் பன்னிரண்டு நாள் பந்து கிடைக்கவில்லை. கடைசியில் கொழுந்து எடுக்கப் போன என் அம்மாதான் வாய்க்காலில் கிடந்ததைக் கண்டெடுத்து, கொழுந்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். மடுவத்தில் சாக்கைக் கொட்டியபோது பந்தும் தராசில் உருண்டது. நிறுவை பார்க்கிற கண்டாக்கையா அரை நாள் சத்தம் போட்டார்.

அதனால் எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது. பந்து வெளியே போகிறது என்றால் பாய்ந்து தட்டி உள்ளே எறிந்துவிடுவோம். யோசிக்கிறதெல்லாம் பிறகுதான்.

தோல்விப் பாடம்

பல்கலைக்கழகத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். விசயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

கூடைப்பந்து அணிக்குத் தெரிவு நடந்தபோது நான் வெறுங்காலோடு போய் நின்றேன். பயிற்சியாளரை எல்லாரும் கோச் சேர் என்போம். கொழும்புத் தமிழர், கோபக்காரர். நான் நின்ற இடத்திலிருந்து எறிந்த பந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைக்குள் விழுவதைப் பார்த்தார். பிறகு, "தட்டிக்கொண்டு ஓடு பார்ப்பம்" என்றார். மூன்றாவது தட்டிலேயே பந்து காலில் பட்டு ஓடிவிட்டது.

"நீ எங்க விளையாடிப் பழகினனீ?"

"பெரட்டுக்களத்துல சேர்."

அது என்ன இடம் என்று அவர் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டார்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவன் உட்காரும் வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று, தேசியப் போட்டிகளில் அணி தோற்ற கதை முழுவதையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். தோல்விப் பாடம் என்று பேர். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் ஆளின் பேர் உண்டு. ஒன்றை விட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

முதல் தடவை உதைபந்து அணியிடம் ஜேர்சி இரவல் வாங்கிப் போனார்கள். இரண்டு பேர் முதுகிலும் எட்டாம் இலக்கம். நடுவர் தண்டனை கொடுத்தார், முதல் சுற்றிலேயே வெளியே. இரவல் வாங்கியவன் பேரைச் சொல்ல வேண்டும். அடுத்த தடவை பஸ் கடுகண்ணாவையில் நின்றுவிட்டது. போய்ச் சேர்வதற்குள் எதிரணிக்கு வெற்றி கொடுத்துவிட்டார்கள். பழைய பஸ்ஸே போதும் என்றவன் பேரைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கெம்பஸ் மூடிக் கிடந்தது, அணியே போகவில்லை. அதற்கு மட்டும் பேர் இல்லை. பிறகு இரண்டு அரையிறுதி. ஒன்றில் உயரமான ஆட்டக்காரன் ஐந்து தவறு செய்து வெளியேற்றப்பட்டான். மற்றதில் மருத்துவபீட மாணவன் ஒருவன் கடைசிச் சுயாதீன எறிதலைத் தவறவிட்டான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொட்டதே இல்லையாம்.

நான் ஒரு பிழையும் விடாமல் ஒப்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த மருத்துவபீடத்து ஆள் இப்போது எங்கே இருக்கிறார், இப்படி வருசாவருசம் தன் பேரைச் சொல்லிச் சிரிக்கிறது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாங்கில் நின்றவனுக்கு ஒரே ஓர் ஆசை. இந்தப் பாடத்தை முடித்து வைத்தவன் என்று என் பேர் வர வேண்டும். அதற்காக மூன்று வருடம் நாய் படாத பாடு பட்டேன்.

நாலு செக்கன்

மூன்றாம் வருடம் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். அன்றைக்கு எங்கள் அணியில் அதிகம் புள்ளி எடுத்தவன் நான். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

பாய்ந்தேன் என்றேனே. கோட்டுக்கு வெளியே அந்தரத்தில் பந்தைப் பிடித்தேன். பின்பக்கமாக, பார்க்காமல், உள்ளே எறிந்தேன். விளம்பரப் பலகையில் தோள் மோதிக் கீழே விழுந்தேன். விழும்போது மனதுக்குள் சந்தோசம். பந்தைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா.

பந்து நேராக எதிரணியின் ஏழாம் இலக்கக்காரன் கைக்குப் போனது. அவன் எங்கள் கூடைக்கு அடியில் தனியாக நின்றான். தனக்கு யார் இதைக் கொடுத்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. மெதுவாக எழும்பிக் கூடைக்குள் போட்டான். நாலு செக்கன் மிச்சம் இருந்தது. எங்கள் தலைவன் லசந்த அரை மைதானத்திலிருந்து எறிந்தான், வளையத்தில்கூடப் படவில்லை.

உடை மாற்றும் அறைக்குப் போனோம். லசந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, சிங்களத்தில், மெதுவாகத்தான் கேட்டான். "ஏன் மச்சான்? அது நம்ம பந்துதானே?"

பெரட்டுக்களத்தையும் மூட்டத்தையும் அவனுக்கு எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? தெரியாது என்றேன்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"தோத்துட்டீங்களாமே. ரேடியோவுல சொன்னாங்கன்னு கடைக்கார நானா சொன்னாரு."

"என்னாலதாம்மா தோத்துச்சு. பந்து வெளிய போச்சு, பாய்ஞ்சு உள்ள போட்டேன்."

"புடிச்சியா, புடிக்கலியா?"

"புடிச்சேன்."

"அப்ப என்னாடா தப்பு?"

உலகத்தில் என் பக்கம் நின்றது அந்த ஒரு மனுசிதான். அவருக்கும் ஆட்டத்தின் சட்டம் தெரியாது.

அசையாமல் நில்

அடுத்த பருவம் தொடங்கியதும் கோச் சேர் ஒரு புதுப் பயிற்சி கொண்டுவந்தார். எங்களைக் கோட்டோரம் வரிசையாக நிறுத்திவிட்டு, பந்தை வெளியே உருட்டிவிடுவார். உருட்டும்போது உரக்கக் கத்துவார்.

"பெருமாள்!"

அது என் பேர். சத்தம் கேட்டதும் எல்லாரும் அசையாமல் நின்று பந்தைப் போக விட வேண்டும். எவனாவது ஓர் அடி எடுத்து வைத்தால் அணி முழுவதும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும்.

முதல் நாள் எல்லாருக்கும் சிரிப்பு. நானும் பல்லைக் காட்டினேன். இரண்டாம் கிழமை யாரும் சிரிக்கவில்லை, பழகிவிட்டது. பந்து வெளியே போனால் ஆளாளுக்குக் கத்துவார்கள், "பெருமாள், பெருமாள்" என்று. சிங்களப் பொடியன்கள் வாயில் அது "பெருமால்" ஆனது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எவனும் தன் பேரைக் கூப்பிட்டால் திரும்புவான். என் பேரைக் கூப்பிட்டால் நான் மரம் மாதிரி நிற்க வேண்டும். பிறந்த நாள் முதல் அந்தப் பேருக்குத் திரும்பிப் பழகிய உடம்பு. அது திரும்பியது. காலும் கூடவே போனது. மற்ற எல்லாரும் பழகிக்கொண்ட அந்தப் பயிற்சியில் தினமும் தோற்றவன் நான் ஒருவன்தான். என்னால் அணி ஓடியது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

விடுதி அறையில் என்னோடு இருந்தவன் ரிஸ்வான், ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன், அணியிலும் இருந்தான். அவனுக்குத்தான் கோபம் வந்தது. "ஒரு மனுசன்ட பேர வச்சி இப்பிடிச் செய்யக் கூடாது மச்சான். நான் சேர்ட்டப் பேசுறன்" என்றான்.

"வேணாம்டா."

"ஏன்டா வேணாம்?"

"பேசுனா என்னையத் தூக்கிருவாரு."

பேசாமலே தூக்கினார். தேசியப் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பேர் பட்டியலில் நான் இல்லை. அவருடைய அறைக்குப் போய்க் கேட்டேன். கோச் சேர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்குத் திறமை இருக்கு பெருமாள். ஆனா உன்னைத் திருத்த ஏலாது."

அவர் கெட்டவர் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். நல்லவர்கள் செய்வதும் வலிக்கும்.

கிண்ணம்

அந்த வருடம் எங்கள் அணி மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. நான் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை.

கடைசி நிமிடம். எங்களுக்கு இரண்டு புள்ளி முன்னிலை. எதிரணிக்காரன் கையில் பட்டுப் பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. முதலாம் வருடப் பொடியன் ஒருவன் அதை நோக்கிக் குனிந்தான். எங்கள் வாங்கில் இருந்த அத்தனை பேரும் எழும்பி ஒரே குரலில் கத்தினார்கள், "பெருமாள்!"

நான் எழும்பி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் உட்காரச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பொடியன் கையை எடுத்துக்கொண்டான். பந்து வெளியே போனது, எங்களுக்கு வந்தது, ஆட்டம் முடிந்தது. அணியின் சரித்திரத்தில் முதல் தேசியக் கிண்ணம்.

லசந்த கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படியேறி என்னிடம் வந்தான். வேர்வையோடு கட்டிப்பிடித்தான். கண்ணில் தண்ணீர். "மச்சான், உன்னாலதான் வென்றோம்" என்றான். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

கீழே வரச் சொன்னான், படம் எடுக்க. போகவில்லை. ரிஸ்வானும் கையைக் காட்டிக் கூப்பிட்டான். வயிற்றுவலி என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்து, டீ குடித்தேன். கழுநீர் மாதிரி இருந்தது. எங்கள் மலைத் தேயிலையை இவ்வளவு கேவலமாகவும் ஊற்ற முடியுமா என்று கடைக்காரனோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன்.

வலப்பனைத் தம்பி

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் கணித வாத்தியார் ஆனேன். டயகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். என் மனைவிக்கு நான் ஆடியது தெரியும், எப்படி முடிந்தது என்று தெரியாது. இந்த இதழை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அண்மையில் ஆசிரியர் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனேன். அதே நாட்களில் பல்கலைக்கழகப் போட்டிகள் நடப்பதைப் பத்திரிகையில் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு பயிற்சியைக் கட் அடித்துவிட்டுப் போய், எங்கள் அணியின் வாங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தலைமுறையே மாறியிருந்தது. கோச் சேர் இல்லை, யாரோ ஓர் இளைஞர் விசிலோடு நின்றார். எனக்கும் கொஞ்சம் மனம் இளகியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு இன்னும் என்ன கோபம் என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் போயிருக்காது. பந்து வெளியே போனது.

"பெருமால்!"

வாங்கு முழுவதும். பிறகு மைதானத்தில் ஒருவன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். எதிரணிப் பொடியன்கள்கூட அப்படித்தான் கத்தினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தேன். கழுத்து கேட்கவில்லை, தன்பாட்டுக்குத் திரும்பியது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த ஒருவன் தமிழில் பேசுவது கேட்டது. நம்ம பக்கத்துத் தமிழ். கூப்பிட்டு எந்த ஊர் என்று கேட்டேன்.

"வலப்பனைங்க சேர். நீங்க?"

"அக்கரப்பத்தனை. பந்து வெளிய போறப்ப என்னமோ கத்துறீங்களே, அது என்னா?"

"அதுங்களா? 'விடு, தொடாத'ன்னு சொல்றதுங்க."

"அது ஒரு ஆளோட பேராச்சே தம்பி."

அவன் யோசித்தான். "இருக்கலாம்ங்க. எங்க மாமா ஒருத்தருக்கும் அந்தப் பேருதான். ஆனா இது சும்மா சொல்றதுங்க சேர். சீனியருங்க சொல்லிக் குடுத்தது. இப்ப எல்லா கெம்பஸ்லயும் இப்படித்தான் கத்துறாங்க."

"தோல்விப் பாடம் இன்னும் ஒப்பிக்கிறீங்களா?"

"அப்படின்னா என்னாங்க?"

அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இரவல் ஜேர்சிக்காரன் தப்பித்தான், பழைய பஸ்காரன் தப்பித்தான், மருத்துவபீடத்து ஆளும் தப்பித்துவிட்டார். மிஞ்சியது நான் ஒருவன்.

அவன் போத்தலை மூடிக்கொண்டே கேட்டான். "சேரும் நம்ம கெம்பஸ்ஸா? பாஸ்கெட்போல் ஆடியிருக்கீங்களா?"

"இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"சேரு பேரு என்னாங்க?"

"ராஜேந்திரன்."

வாயில் வந்த பேர் அது. அவன் நல்ல பிள்ளை, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான். நான் இரண்டாம் பாதி பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. சொந்தப் பேரைச் சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன கொலையா செய்தேன்? ஒரு பந்தைப் பிடித்தேன்.

தம்பி, இந்தப் பத்திரிகை வலப்பனைக்கும் வருகிறது. கண்ணில் பட்டால் வாசி. அன்றைக்கு உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன். என் பேர் பெருமாள். என் அப்பாவும் அம்மாவும் வைத்த பேர். நம்ம அணி முதல் தடவை இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது அதிகம் புள்ளி எடுத்தவன் அந்தப் பேர்க்காரன். உனக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடு.